எடுத்த காயைத் திருப்பிப் போடாத ஆட்டம்

மரக்காய்கள் துணிப்பைக்குள் ஒன்றோடொன்று மோதும்போது எழும் சத்தம், யாரோ பக்கத்து அறையில் இருமலை அடக்கிக்கொள்வதைப் போல மந்தமாக இருக்கும். அந்தக் காக்கிப் பைக்குள் கையை விட்டு எடுத்தால் பீடிப் புகையும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை விரல்களில் ஒட்டிக்கொண்டு, சோறு பிசையும்போதுகூட மூக்கில் ஏறும். கோலார் தங்கவயலில் தொழிலாளர்கள் கூடும் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ‘ஹவுசி’ ஆடுவதற்காக வைத்திருந்த பை அது. எண் எழுதிய வட்டக் காய்களை ஒருவர் பைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்து உரக்கச் சொல்ல, மற்றவர்கள் தங்கள் சீட்டில் அந்த எண் இருந்தால் அடித்துக்கொண்டே வருவார்கள். எண் சொல்லும் வேலை பல வருடங்களாக என் அப்பாவுடையது. சுரங்கத்தில் ஆட்களைக் குறைக்கத் தொடங்கியபோது கொடுத்ததை வாங்கிக்கொண்டு வெளியேறிய அவர், பெங்களூரில் பொம்மசந்திராவின் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் வேலை கிடைத்து எங்களை ஈஜிபுராவுக்குக் கூட்டிவந்தபோது, கிளப்பில் ஆட ஆளில்லாமல் கிடந்த அந்தப் பையையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

அதே சமயத்தில் எனக்கும் ஒரு பொருள் கிடைத்தது. தங்கவயலில் எங்கள் வீட்டு வரிசைக்கு எதிரே குடியிருந்த ஆங்கிலோ இந்திய டீச்சர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது, தெருவில் ஆங்கிலப் புத்தகம் படிக்கிற ஒரே பெண் என்று என்னைக் கூப்பிட்டு ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்தார். அதன் அடியில், அவர் மகன் ஆடித் தீர்த்த ஒரு விளையாட்டின் விதிப்புத்தகம் இருந்தது. பலகை கிடையாது, காய் நகர்த்துவது கிடையாது. ஒருவர் கதையை நடத்த வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, இருட்டுக் குகையில் நிற்கும் அந்த வீரனோ மந்திரவாதியோ இப்போது என்ன செய்கிறான் என்று வாயால் சொல்ல வேண்டும். சண்டை வந்தால் மட்டும் எண் முடிவு செய்யும். ஒன்றிலிருந்து இருபதுக்குள் ஓர் எண் விழ வேண்டும். அதோடு வீரனின் திறமையைக் கூட்டினால் எதிரியின் கவச எண்ணைத் தொட வேண்டும். தொட்டால் அடி, இல்லையென்றால் வாள் காற்றை வெட்டும்.

இருபது முகம் கொண்ட பகடையை நான் பார்த்ததே இல்லை. பெட்டியில் அது இல்லை. புத்தகத்தில் இருந்த படத்தை ஏதோ ரத்தினக்கல் என்று நினைத்தேன். இருபது எண்கள் வேண்டும், வீட்டில் எண்கள் இருக்கின்றன. அப்பாவின் பையிலிருந்து ஒன்று முதல் இருபது வரையிலான காய்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒரு டப்பாவில் கொட்டினேன். எப்படி ஆட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை, ஏனென்றால் நான் ஹவுசி மேசைக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவள். “எடுத்த காயைத் திருப்பிப் பைக்குள்ள போடறவன எந்தக் கிளப்புலயும் உக்கார விடமாட்டாங்க” என்று அப்பா சொல்வார். ஆகவே எடுத்த காயைப் பலகைச் சிலேட்டின் மேல் எல்லோரும் பார்க்க வரிசையாக வைத்தோம். இருபதும் வெளியே வந்த பிறகுதான் மொத்தமாகப் பைக்குத் திரும்பும். எங்கள் அடியும் எதிரியின் அடியும் ஒரே பையிலிருந்துதான்.

ஈஜிபுராவில் எங்கள் வீடு, மூன்று அடுக்குக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறை. நடு மாடியில் வீட்டுக்காரர். தருமபுரிப் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா காலத்திலேயே வந்துவிட்டவர்கள்; பாதி பேச்சு கன்னடம். அவர்கள் மகன் சேகர் என் வகுப்பு. அவன் பெரியம்மா மகன் குமார் பக்கத்துத் தெரு. தரைத்தளத்தில் மெத்தை தைக்கும் கடை. அந்தக் கடைக்காரரின் மகள் நஸ்ரீன், எங்களைவிட ஒரு வகுப்பு மேல். ஞாயிறு மதியம் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் இடத்தில் நால்வரும் உட்காருவோம். கதை நடத்துபவருக்குப் புத்தகத்தில் இருந்த நீளமான பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. சுரங்கத்தில் ஆட்களை இறக்கி வேலை வாங்குகிறவரைச் சொல்வது போல என்னை ‘மேஸ்திரி’ என்றார்கள்.

சேகரின் வீரன் பெயர் பைரவன். பெரிய கோடரி, கனத்த கவசம். சேகருக்கு யோசனை என்பதே கிடையாது. முறை வந்தால் அடிப்பான். குமார் ஒரு மந்திரவாதி. அவனுக்கு மந்திரம் தீர்ந்துவிடுமோ என்ற பயத்திலேயே எதையும் சொல்லமாட்டான். நஸ்ரீனின் பாத்திரம் மெஹர், வில் பிடித்தவள். முதல் சில வாரம் நஸ்ரீன் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. பத்தொன்பதும் இருபதும் வெளியே வந்துவிட்டால் அவள் அம்பை விடமாட்டாள், கதவை மூடுவாள், காயம்பட்டவனை இழுத்துவருவாள், எதிரியோடு பேச்சுக் கொடுப்பாள். சின்ன எண்களெல்லாம் சிலேட்டில் வந்து படுத்துவிட்டால், “இப்ப விடு. உள்ள எல்லாம் பெரிசாதான் இருக்கு” என்பாள். அம்பு தைக்கும்.

“இவ சண்ட போடறாளா, கணக்கு டியூஷன் எடுக்கறாளா?” என்று சேகர் எரிச்சல்படுவான்.

“நீயும் எண்ணேன். நக்கோன்னு யார் சொன்னா?” என்பாள் நஸ்ரீன். வேண்டாம் என்பதற்கு அவள் வீட்டுச் சொல் அது. எங்கள் எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது.

அந்தப் புத்தகத்தில் இன்னொரு விதி இருந்தது. எதிரிகளில் பாதிப்பேர் விழுந்ததும், மீதிப்பேர் நிற்பார்களா, ஓடுவார்களா, ஆயுதத்தைக் கீழே போடுவார்களா என்பதை நடத்துபவர் நிதானித்து முடிவு செய்ய வேண்டும். நஸ்ரீன் இதை விடாமல் பிடித்துக்கொண்டாள். ஒரு முறை பாலத்துக் காவல்காரன் ஒருவனிடம் மெஹர் அரைமணி நேரம் பேசி, அவன் சம்பள பாக்கியைப் பற்றியெல்லாம் விசாரித்து, சண்டையே இல்லாமல் பாலத்தைத் திறக்க வைத்தாள். அந்தக் காவல்காரனாகப் பதில் சொன்னவள் நான்தான். அவள் கேட்ட விதத்தில் எனக்கே ஈட்டியைக் கீழே வைத்துவிடத் தோன்றியது. சேகர் அன்று, “கோடரிய தீட்டி வச்சிட்டு சும்னே உக்காந்திருக்கேன்” என்று முனகினான்.

கதை எங்களை ஒரு நிலத்தடிக் கோட்டையின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்த நேரத்தில், நஸ்ரீனுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தது. மேலே படிக்க வைக்கப் போவதில்லை என்றும், குடும்பத்தோடு ஆனேக்கல்லுக்குப் போய் அவள் மாமா கடையோடு சேரப் போகிறார்கள் என்றும், அங்கே அவளுக்குச் சம்பந்தமும் பேசியாகிவிட்டது என்றும் எங்கள் அம்மாதான் சொன்னாள். மாடியில் துணி எடுக்கும்போது நஸ்ரீன் என்னிடம் மட்டும், “மெஹர் கோட்டைக்குள்ள போய்ட்டு வெளிய வரணும் யசோ. அத பாத்துட்டுப் போறேன். நடுவுல நிறுத்திட்டுப் போனா எனக்கு ஆகாது” என்றாள். நான் சரி என்றேன். ஒரு மேஸ்திரி தரக்கூடிய வாக்கு அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

அந்த மாதம்தான் சேகர் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. சாப்ட்வேர் கம்பெனியில் இருந்த அவன் தாய்மாமா தன் பழைய பெட்டியைக் கொண்டுவந்து ஹாலில் வைத்து, ஒரு சிடியும் கொடுத்தார். அதன் உறையில் எங்கள் விதிப்புத்தகத்தின் பெயர் இருந்தது; அந்த விதிகளின்படியே செய்த ஆட்டம் என்று போட்டிருந்தது. சேகரின் அம்மா பெட்டியின் மேல் மூடியிருந்த பூப்போட்ட துணியை எடுத்து மடித்து, “கைய கழுவிட்டு வந்தீங்களா எல்லாரும்? ஃபேன அது பக்கம் திருப்பு, சூடாயிடும்” என்றார். எங்களுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். தோல் கவசத்தின் எண், கோடரியின் அடி, யார் முதலில் என்ற வரிசை, காயத்துக்கு ஓய்வெடுத்தால் திரும்பும் உயிர், எல்லாம் அச்சு அசலாக அப்படியே இருந்தன. திரையின் கீழே ஒரு சின்னக் கட்டத்தில், விழுந்த எண்ணும் அதோடு கூட்டியதும் வரி வரியாக ஓடியது. எனக்கு அன்று வந்த சந்தோஷத்தை மறைக்க வேண்டியதில்லை. நாங்கள் மொட்டைமாடியில் ஆடியது உலகத்தில் எங்கோ நிஜமாகவே இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி போல இருந்தது. எங்கள் ஆட்களை அதே எண்களோடு அதற்குள் உருவாக்கினோம். பைரவன், மந்திரவாதி, மெஹர், மூன்று பேருக்கும் முகம் வந்தது.

சில சண்டைகள் ஆடியதும் குமார் திரையைத் தொட்டுக் காட்டினான். “மறுபடியும் மூணு பாரு. அப்பவும் மூணு. கெட்டுப்போச்சு மச்சா, மாமாகிட்ட சொல்லு.”

மாமா சோபாவிலிருந்தே சிரித்தார். “கெட்டுப்போகல. பகடைக்கு முன்னாடி என்ன விழுந்துச்சுன்னு ஞாபகமா இருக்கும்? ஒவ்வொரு வாட்டியும் புதுசுதான். பத்து வாட்டிகூட மூணே விழலாம். நீங்க எப்படி ஆடறீங்க?”

குமார் பையைப் பற்றியும் சிலேட்டைப் பற்றியும் சொன்னான். மாமா எழுந்து உட்கார்ந்து, “அது ஹவுசிம்மா” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் சேகரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன்.

“அப்ப இத்தன நாளா தப்பா நடத்திருக்க” என்றான்.

“இருபது முகத்துப் பகடைன்னு ஒண்ண நான் பாத்ததே இல்ல. நீ பாத்திருந்தா சொல்லிருக்கலாமே.”

“நஸ்ரீன் ஜெயிச்சதெல்லாம் டூப்பு அப்போ.”

நஸ்ரீன் தரையில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். “ஏன், நானா பைய தச்சேன்? உனக்கும் அதே பைதானே சேகர். எனக்குத் தனியா நல்ல காயா பொறுக்கிக் குடுத்தாங்களா?”

சேகர் திரைப்பக்கம் திரும்பி அடுத்த சண்டையைத் தொடங்கினான். அவனுக்குப் பதில் தேவைப்படவில்லை, ஏனென்றால் மவுஸ் அவன் கையில் இருந்தது.

கோட்டைச் சண்டையை எங்கே முடிப்பது என்ற பேச்சு வந்தபோது, எடுத்த காயை உடனே பைக்குள் போட்டுக் குலுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தால் அது பகடைக்கு முழுக்கச் சமம்தான் என்று நான் சொன்னேன். கணக்குப்படி அது சரி, மாமாவும் தலையாட்டினார். சேகர் ஒப்புக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டருக்குத் தப்பு வராது, அதிலும் ஒரு கோட்டை இருக்கிறது, அங்கேயே முடிப்போம் என்றான். குமார் அவன் பக்கம். நஸ்ரீன் என் கையைத் தொட்டு, “விடு யசோ. எங்கயாவது முடிஞ்சா போதும். அடுத்த வாரம் சாமான் ஏத்தறாங்க” என்றாள்.

அந்த ஞாயிறு மதியம் நடந்ததை நான் பல முறை வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறேன், வரிசை மாறுவதில்லை. கோட்டைக்குள் நுழைந்ததும் பைரவன் செத்தான். சேகர் ஏதோ ஒரு விசையை அழுத்தினான். திரை ஒரு கணம் கறுத்து, மூன்று பேரும் மறுபடி வாசலில் முழு உயிரோடு நின்றார்கள்.

“செத்தவன் எப்படி எழுந்தான்?” என்றேன்.

“வாசல்ல சேவ் பண்ணி வச்சத லோட் பண்ணேன். ஆட்டத்துலயே குடுத்திருக்கான், நானா போட்டேன்?”

பைரவன் இரண்டாவது முறையும் செத்தான். சேகர் இரண்டாவது முறையும் அழுத்தினான். புத்தகத்தில் அப்படி ஒரு விதி இல்லை என்று சொன்னேன், யாரும் கேட்கவில்லை. மூன்றாவது முறை அவன் பைரவனைப் பின்னால் நிறுத்திக்கொண்டு மெஹரை முன்னால் தள்ளினான்.

“அவ வில்லு வச்சிருக்கா. கதவுக்குப் பின்னாடி நிக்கட்டும்” என்றாள் நஸ்ரீன்.

“அவனுங்க அவ மேல பாயட்டும். நான் சைடுலேருந்து வெட்டறேன்.”

எதிரிகளில் பாதிக்கு மேல் விழுந்தார்கள். மீதி இருந்தவர்களுக்கு வெளியேற வழி திறந்தே கிடந்தது. “இப்பப் பேசு, விட்டுருவானுங்க” என்று நஸ்ரீன் திரைக்கு வெகு பக்கத்தில் போய்ச் சொன்னாள். பேசுவதற்குப் பொத்தான் இல்லை. ஓடுவதற்கு அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. எண்களை ஒன்றுவிடாமல் நகலெடுத்தவர்கள், ஒரு மனுஷி உட்கார்ந்து நிதானிக்க வேண்டிய அந்த ஒரு விதியை மட்டும் விட்டுவிட்டிருந்தார்கள். மெஹரின் அம்பு தவறியது. மறுபடி தவறியது. கட்டத்தில் நான்கு என்று வந்தது, இரண்டு என்று வந்தது, மறுபடி நான்கு. பிறகு அவள் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. அடுத்த நிமிடம் பைரவன் கடைசி ஆளை வெட்டினான். திரையில் தங்க எழுத்துகள் வந்தன. சேகரும் குமாரும் கையை அடித்துக்கொண்டார்கள்.

“லோட் பண்ணு” என்றேன்.

“எதுக்கு? ஜெயிச்சாச்சே.”

“பைரவனுக்கு ரெண்டு வாட்டி பண்ணல?”

“அப்போ தோத்திருந்தோம். இப்போ ஜெயிச்சிருக்கோம். மறுபடி ஆடி தோத்துட்டா?”

“நான் சொல்றேன் சேகர், பண்ணு.”

“நீ யாரு சொல்ல?” அவன் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மானிட்டரின் மேல் விரலால் தட்டினான். “மேஸ்திரி இப்போ இதுதான்.”

நஸ்ரீன் எழுந்துவிட்டாள். வாசலில் செருப்பைத் தேடிக் காலை நுழைத்துக்கொண்டே, “ஆட்டம்தானே யசோ, விடு” என்றாள். சேகரின் அம்மா சமையலறையிலிருந்து, “அதுக்குள்ள போறியா கண்ணு, பஜ்ஜி போடறேன்” என்று குரல் கொடுத்தார். அவள் படியிறங்கும் சத்தம் கேட்டது. அடுத்த வாரம் டெம்போவில் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே அவளும் அவள் தங்கைகளும் உட்கார்ந்து போனார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் மாடிக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, படிப்பு முடிந்து, கம்ப்யூட்டர் ஆட்டங்களைச் சோதித்துப் பார்க்கும் ஒரு அலுவலகத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். மேசை ஆட்டத்தின் சண்டை விதிகள் திரையில் பிசகாமல் வருகின்றனவா என்று பார்ப்பது என் பொறுப்பில் இருந்த வேலைகளில் ஒன்று. கவச எண் சரி, அடி சரி, வரிசை சரி என்று எழுதிக் கொடுப்பேன். ஒரு முறை எங்களிடம் வந்த ஆட்டத்தில் எண்கள் விழும் விதம் பகடையைப் போல இல்லையென்று குறித்துக் கொடுத்தேன். ஒரே சின்ன எண் திரும்பத் திரும்ப வருவதே இல்லை. செய்தவர்களிடமிருந்து விளக்கம் வந்தது. உண்மையான பகடையை ஆடுகிறவர்களால் தாங்க முடிவதில்லை, ஏமாற்று என்று திட்டுகிறார்கள்; ஆகவே எண்களையெல்லாம் ஒரு பையில் போட்டு, எடுத்ததைத் திருப்பிப் போடாமல், பை காலியாகும்வரை எடுக்கும்படி எழுதியிருக்கிறோம், இது பிழையல்ல. அவர்களும் பை என்ற சொல்லையே எழுதியிருந்தார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த பையன் எட்டிப் பார்த்துவிட்டு, “செம ஐடியா மேடம், இல்ல?” என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பிழையை முடிந்ததாகக் குறித்தேன்.

ஆட்டங்கள் மூலத்துக்கு எவ்வளவு உண்மையாக இருக்கின்றன என்று இளைஞர்கள் இப்போது பக்கம் பக்கமாக விவாதிக்கிறார்கள். நான் படிக்கிறேன். எல்லோரும் எண்களைப் பற்றியே பேசுகிறார்கள். ஒருவர் செத்தால் அந்தச் சாவை அழிக்கும் விசை யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு அந்த விசை கிடையாது. அதனால்தான் அங்கே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு ஆட வேண்டியிருந்தது.

ஈஜிபுரா வீட்டை இடித்து, அந்த இடத்தில் பெண்கள் தங்கும் ஒரு விடுதி எழுந்துவிட்டது. மெத்தைக் கடை இருந்த இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள். அப்பா இறந்த வருடம் பையை வீடு முழுக்கத் தேடினோம். எந்த வீடு மாறியபோது போனதென்று தெரியவில்லை. ஆனேக்கல்லுக்கு ஒரு முறை வேறு வேலையாகப் போனபோது மெத்தைக் கடை எங்கே என்று கேட்டேன். இரண்டு கடைகளைக் காட்டினார்கள். இரண்டிலும் அவர்களைத் தெரியவில்லை.

சென்ற மாதம் சேகர் கூப்பிட்டான். இப்போது இந்த ஊரில் இம்மாதிரி ஆட்டங்கள் ஆடுவதற்கென்றே காபிக் கடைகள் வந்துவிட்டன. அவன் அலுவலகத்துப் பிள்ளைகளோடு அங்கே வாராவாரம் ஆடுகிறானாம். போனேன். முடி நரைத்திருந்தது, அன்பாகத்தான் எழுந்து வந்து நாற்காலி போட்டான். மேசையில் பகடை இல்லை, போனிலேயே எண் விழுகிறது. “இவங்கதான் எங்க மேஸ்திரி” என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, “கம்ப்யூட்டர்ல கோட்டைய முடிச்ச மொத செட்டு நாங்க. மூணு பேரும் உயிரோட வெளிய வந்தோம். இல்ல யசோ?” என்றான்.

“ரெண்டு பேர்” என்றேன்.

“யாரு போனது?”

“மெஹர்.”

“மெஹரா? அது யாரோட ஆளு?”

“நஸ்ரீனோடது.”

அவன் உண்மையாகவே யோசித்தான். “கீழ மெத்தக் கடைக்காரர் பொண்ணா? அவ நம்மகூட ஆடினாளா?”

எதிரே இருந்த ஒரு பெண், மிகவும் நல்லவிதமாக, என்னைச் சமாதானப்படுத்துவது போலச் சொன்னாள்: “ஒருத்தங்க செத்துட்டா லோட் பண்ணிருக்கலாமே ஆன்ட்டி. ஒரு நிமிஷம்கூட ஆகாதே.”

“ஆகாதும்மா” என்றேன். சேகர் அதற்குள் போனை எடுத்துக்கொண்டு, அடுத்து யார் முறை என்று கேட்டுக்கொண்டிருந்தான்.